பி.எம்.ஐ. 34.5 உள்ளவருக்கு நுண்துளை எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: தாழம்பூ

வணக்கம். என் அக்காவுக்காக இதைக் கேட்கிறேன். அவருக்கு வயது 46, உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. கணக்கிட்டால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் உடல் நிறை குறியீடு) 34.5 வருகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூன்று வகை மாத்திரைகளுடன் இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். அப்படியும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 9-க்குக் கீழே வரவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார். முழங்கால் வலிக்காக அவ்வப்போது வலி மாத்திரை எடுத்துக்கொள்கிறார். உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் அவர் குறை வைத்ததாகச் சொல்ல முடியாது. எடை ஓரளவு குறையும். சில மாதங்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

அவருடைய சர்க்கரை நோய் மருத்துவர், நுண்துளை முறையில் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். நெடுங்காலமாக எங்கள் குடும்பத்தைப் பார்த்துவரும் பொது மருத்துவரோ, பி.எம்.ஐ. 35-ஐ எட்டாதவர்களுக்கு அந்தச் சிகிச்சையே கிடையாது என்று உறுதியாகச் சொல்கிறார். 156 செ.மீ. உயரமுள்ளவர் 35 என்ற எண்ணைத் தொடுவதற்கு 85.2 கிலோ போதும். "அப்படியானால் ஒன்றேகால் கிலோ ஏற்றிக்கொண்டு போனால் தகுதி வந்துவிடுமா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

யாரை இந்தச் சிகிச்சைக்கு ஏற்பார்கள், யாரைத் திருப்பி அனுப்புவார்கள், எண்ணைத் தவிர வேறு எவற்றையெல்லாம் பார்ப்பார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில்: நுண்ணோக்கி

வணக்கம் நண்பரே. நான் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பணியாற்றும் மருத்துவர். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி முடிவு சொல்வது முறையல்ல. ஆனால், தாங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், தங்கள் அக்கா முழுமையான மதிப்பீட்டுக்குச் செல்லத் தகுந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக அவர் ஒரு கிராம்கூட ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

தங்கள் குடும்ப மருத்துவர் சொல்லும் 35 என்ற எண் கற்பனையானதன்று. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1991-ஆம் ஆண்டில் கூட்டிய வல்லுநர் குழு, பி.எம்.ஐ. 40-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், 35 முதல் 40 வரை இருந்து எடையோடு தொடர்புடைய கடுமையான நோய் ஒன்றும் உள்ளவர்களுக்கும் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று வரையறுத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் அந்த வரையறைதான் நடைமுறையில் இருந்தது. இன்றைக்கு மூத்த மருத்துவர்களாக இருப்பவர்கள் பலரும் அதைப் படித்தே வந்தவர்கள். ஆனால் அது வயிற்றைத் திறந்து அறுவை செய்த காலத்து வரையறை என்பதைக் கவனிக்க வேண்டும். இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவையை நுண்துளை வழியாகச் செய்தது பற்றிய முதல் அறிக்கையே 1994-இல்தான் வெளிவந்தது. வயிற்றின் நடுவே நீண்ட கீறல் போட்டு, காயம் ஆறாமலும் பிறகு குடலிறக்கம் ஏற்பட்டும் நோயாளிகள் அவதிப்பட்ட நாள்களில், மிகக் கடுமையான பருமன் உள்ளவருக்கு மட்டுமே அந்த இடரை ஏற்கலாம் என்று கருதியது நியாயமே.

2022-இல் இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்த வரையறையைத் திருத்தின. இப்போதைய பரிந்துரையின்படி, பி.எம்.ஐ. 35-உம் அதற்கு மேலும் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் போன்ற வளர்சிதை மாற்ற நோய் இருந்தால் செய்யலாம். நம்மைப் போன்ற ஆசிய இனத்தவருக்கு இந்த எல்லை இன்னும் கீழே, 27.5 என்ற அளவிலேயே தொடங்குகிறது. அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது, சர்க்கரை நோயும் இதய நோயும் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே வந்துவிடுகின்றன என்பதே இதற்குக் காரணம். பல நாடுகளின் சர்க்கரை நோய் அமைப்புகள் 2016-இல் வெளியிட்ட கூட்டறிக்கையும், மருந்துகளால் சர்க்கரை கட்டுப்படாத ஆசிய நோயாளிகளுக்கு 27.5-இலிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது, 32.5-ஐத் தாண்டி, சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாதவருக்கு அதைப் பரிந்துரைக்கவே செய்கிறது. தங்கள் அக்காவின் 34.5 எங்கே நிற்கிறது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் எண் என்பது உள்ளே நுழைய அனுமதிப்பது மட்டுமே. எங்களிடம் வருபவர்களில் பி.எம்.ஐ. போதாமல் திரும்புகிறவர்கள் அரிது. மற்ற காரணங்களுக்காக "இப்போது வேண்டாம், இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று சொல்லப்படுகிறவர்களே மிகுதி. முதலில், பருமனுக்கு வேறு மூலகாரணம் இருக்கிறதா என்று பார்ப்போம். தைராய்டு குறைபாடு, கார்டிசால் என்ற ஹார்மோன் மிகைப்படும் குஷிங் நோய், நீண்டகால ஸ்டீராய்டு மருந்து, எடையைக் கூட்டும் சில மனநல மருந்துகள் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். தைராய்டு மட்டுமே இவ்வளவு எடைக்குக் காரணமாவது அபூர்வம். இருந்தாலும் அதைச் சீராக்காமல் மேற்கொண்டு செல்வதில்லை. அடுத்து, சர்க்கரை நோய் உண்மையிலேயே இரண்டாம் வகைதானா என்பதை உறுதி செய்வோம். மெதுவாகத் தொடங்கிய முதல் வகை நோயை இரண்டாம் வகை என்று எண்ணி நடத்திவந்தவர்களும் உண்டு. சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனை, கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நோய் வந்து ஆண்டுகள் பல கடந்து, இன்சுலின் போடும் நிலைக்கு வந்துவிட்டவருக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுப்படும் வாய்ப்பு, அண்மையில் நோய் வந்தவருக்கு உள்ளதைவிடக் குறைவு. இன்சுலின் அளவு குறையலாம், சிலருக்கு நின்றும் போகலாம். ரத்த அழுத்தமும் மூட்டு வலியும் குறையலாம். "சர்க்கரை அடியோடு போய்விடும்" என்று யாரேனும் உறுதி அளித்தால், அவரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேளுங்கள்.

முற்றிலும் தவிர்க்க வேண்டிய நிலைகள் சிலவே. மருந்துக்கு அடங்காத இதயச் செயலிழப்பு, முற்றிய நுரையீரல் நோய், ஈரல் இறுகி அதன் ரத்த நாள அழுத்தம் கூடிய நிலை, சிகிச்சையில் இருக்கும் புற்றுநோய், தொடரும் மது அல்லது போதைப் பழக்கம், கட்டுக்குள் வராத தீவிர மனநோய், கருவுற்றிருத்தல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. வயதுக்கு இப்போது மேல் எல்லை என்று ஒன்று வைப்பதில்லை; வயதைவிட உடலின் தளர்ச்சியே கணக்கில் கொள்ளப்படுகிறது.


பதில்: மூச்சுக்காற்று

நான் மயக்கவியல் மருத்துவர். மேலே சொல்லப்பட்டவற்றோடு எனக்கு உடன்பாடே. தாழம்பூ அவர்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு சொற்றொடர் என் கண்ணில் பட்டது: "இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார்." எங்கள் துறையைப் பொறுத்தவரை, அவர் எழுதிய விவரங்களிலேயே மிக முக்கியமானது அதுதான்.

நுண்துளை அறுவை சிகிச்சை என்றதும், துளை சிறிது என்பதால் உடலுக்கும் சிரமம் சிறிதுதான் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். காயத்தைப் பொறுத்தவரை அது உண்மை. 5 முதல் 12 மி.மீ. வரையிலான சில துளைகள் மட்டுமே போடப்படுவதால் வலி குறைவு, அன்றைக்கே எழுந்து நடக்கலாம், காயத்தில் சீழ் வைப்பதும் அரிது. ஆனால் உள்ளே கருவிகள் இயங்குவதற்கு இடம் வேண்டுமல்லவா? அதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் அதை உப்பவைத்து நிறுத்துகிறோம். அந்த வாயு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. பருமனான உடலில் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் நுரையீரலுக்கு இடம் மேலும் குறைகிறது. வாயுவின் ஒரு பகுதி ரத்தத்தில் கலப்பதால், அதை வெளியேற்ற வேகமாகச் சுவாசம் கொடுக்க வேண்டியிருக்கிறது. குடல் கீழே சரிந்து இரைப்பை தெளிவாகத் தெரிவதற்காகத் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்படுவதால், கால்களில் ரத்தம் தேங்கி அழுத்தமும் இறங்கக்கூடும். நல்ல இதயமும் நுரையீரலும் இவற்றைத் தாங்கிக்கொள்ளும். தாங்கிக்கொள்ளுமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வதுதான் எங்கள் வேலை.

குறட்டைக்கு வருகிறேன். பலமான குறட்டை, உறக்கத்தின் நடுவே மூச்சு நின்று நின்று வருவதை மற்றவர் கவனித்திருத்தல், பகலில் காரணமில்லாத அசதி, ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்தின் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆணாக இருத்தல் ஆகிய எட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். மூன்று பொருந்தினாலே உறக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம் என்று ஐயுறுகிறோம். ஐந்தோ அதற்கு மேலோ பொருந்தினால் அந்த ஐயம் வலுக்கிறது. தங்கள் அக்காவுக்குக் குறட்டையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே இரண்டு. பகலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாரா என்று அவரிடமும், இரவில் மூச்சு நின்று பிறகு திணறி எழுகிறாரா என்று அருகில் உறங்குபவரிடமும் விசாரியுங்கள். ஒரு அளவுநாடாவை எடுத்துக் கழுத்தையும் அளந்துவிடுங்கள்.

ஐயம் வலுத்தால், உறக்க ஆய்வு செய்ய வேண்டியிருக்கும். மூச்சுத்தடை கடுமையாக இருந்தால், இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சி-பாப் கருவியை அறுவைக்கு முன்பிருந்தே பயன்படுத்திப் பழக வேண்டும்; மருத்துவமனைக்கும் அதையே கொண்டுவரச் சொல்வோம். மூச்சுத்தடை இருப்பது தெரிந்து, அதற்குச் சிகிச்சையும் நடந்தால், அது தடையன்று. தெரியாமல் போவதுதான் ஆபத்து. மயக்கம் தெளிந்த பிறகு கொடுக்கும் வலிநிவாரணிகள் மூச்சை மேலும் மந்தப்படுத்தக்கூடியவை.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குக் கலோரியை வெகுவாகக் குறைத்த உணவை உண்ணச் சொல்வார்கள். "கடைசி நேரத்தில் பட்டினி போட்டு என்ன ஆகப்போகிறது?" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கொழுப்பு படிந்து பெருத்த ஈரலின் இடது மடல், இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கும். அதை விலக்கிப் பிடிக்க முயலும்போது கிழிந்து ரத்தம் கசியலாம்; இடம் கிடைக்காவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம். இரண்டு வாரக் கட்டுப்பாட்டில் அந்த ஈரல் கண்கூடாகச் சுருங்குகிறது. கேமராவை உள்ளே விட்ட மறுகணமே, யார் கடைப்பிடித்தார்கள், யார் கடைப்பிடிக்கவில்லை என்பது திரையில் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு வாரங்களில் சர்க்கரை மருந்துகளின் அளவை மருத்துவர் சொல்படி மாற்றியாக வேண்டும். பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அவர் சாப்பிடுகிறார் என்றால், முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். உணவு குறைந்திருக்கும் வேளையில் அவை ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தைக் கூட்டிவிடும். சர்க்கரை அளவு இயல்பாகத் தெரிவதால் அது கண்ணுக்குத் தப்பியும்விடும். அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள்கள் முன்பே அவற்றை நிறுத்துவது வழக்கம்.


பதில்: கேள்விக்குறி

எனக்கு ஓர் ஐயம். எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் வந்துவிட்ட இந்தக் காலத்தில், இரைப்பையை வெட்டியெறியும் அளவுக்குப் போவது தேவைதானா? 34.5 என்பது அப்படியொன்றும் எல்லை மீறிய பருமன் இல்லையே. வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். முதலில் அதை முயன்று பார்க்காமல் அறுவையைப் பற்றிப் பேசுவது அவசரமாகப் படுகிறது. மருத்துவர்கள் தவறாக எண்ண வேண்டாம்.


பதில்: நுண்ணோக்கி

தவறாக எண்ண ஏதுமில்லை, கேள்விக்குறி அவர்களே. ஒவ்வொரு மதிப்பீட்டிலும் இந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். செமாகுளூடைட் என்ற ஊசியை வாரம் 2.4 மி.கி. போட்டுக்கொண்டவர்கள், 2021-இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 விழுக்காட்டை இழந்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் தனியே நடத்தப்பட்ட ஆய்வில் இழப்பு 10 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. டிர்செபடைட் என்ற மற்றோர் ஊசி இதைவிடக் கூடுதலாகக் குறைக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ், பைபாஸ் ஆகிய அறுவைகளுக்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் பொதுவாக 25 முதல் 30 விழுக்காடு வரை குறைவதைக் காண்கிறோம். மேலும், ஊசியை நிறுத்தலாம் என்பது உண்மைதான். நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்பதும் உண்மை.

ஆகவே ஊசியை முயன்று பார்த்து, அதில் சர்க்கரையும் எடையும் போதிய அளவு குறைந்தால் அறுவை வேண்டாம் என்று இருந்துவிடுவது முற்றிலும் ஏற்கத்தக்க வழி. அறுவையின் இடரும் மிகையாக அஞ்சத்தக்கதன்று. அனுபவமுள்ள குழுவிடம் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று என்ற அளவில்தான் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், ஹெச்பிஏ1சி ஆண்டுக்கணக்கில் 9-க்கு மேலேயே நிற்கும் ஒருவருக்கு, இன்னும் சில ஆண்டுகள் ஒவ்வொன்றாக முயன்றுகொண்டிருப்பதும் இடரற்ற வழியன்று. அந்த ஆண்டுகளில் கண்ணும் சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டே இருக்கும். ஊசியைத் தேர்ந்தால், இத்தனை மாதத்தில் இத்தனை குறைய வேண்டும் என்று மருத்துவரோடு பேசி ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது.


பதில்: நடைவண்டி

மருத்துவர்கள் மருத்துவப் பக்கத்தை விளக்கிவிட்டார்கள். அந்த மதிப்பீட்டைக் கடந்து, ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவன் என்ற முறையில், மற்றொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

என் பி.எம்.ஐ. 41. ஆகவே எண்ணைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் முதல் சுற்றில் எனக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. காரணம் இதயமோ நுரையீரலோ அன்று. உணவியல் நிபுணர் என்னிடம் நான் எழுதி வைத்திருந்த உணவுக் குறிப்பை வாங்கிப் படித்தார். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அதில் ஒழுங்காகவே இருந்தன. அவர் அதை மூடி வைத்துவிட்டு, "நின்றுகொண்டே சாப்பிடுவதைச் சொல்லுங்கள்" என்றார். இரவில் எல்லாரும் உறங்கிய பிறகு அடுக்களையில் விளக்குப் போடாமல் நான் சாப்பிடுவது வழக்கம். வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, பிறகு அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு படுப்பேன். அதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் என்னை உளவியலாளரிடம் அனுப்பினார். உளவியலாளர் அதற்கான சிகிச்சையை முதலில் முடித்துவிட்டு வரச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு மிகுந்த கோபம் வந்தது. வயிறு சுருங்கிவிட்டால் இந்தப் பழக்கம் தானாகவே நின்றுவிடாதா என்று வாதிட்டேன். அதற்கு அவர், இரைப்பையைச் சிறிதாக்க முடியும், உண்ணத் தூண்டும் மன அழுத்தத்தைச் சிறிதாக்க முடியாது என்றார். ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றிவிடுகிறார்கள்; எஞ்சியிருப்பது ஒரு குறுகிய குழாய். ஒரே மூச்சில் நிறைய உண்ண முடியாதுதான். ஆனால் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பையும் பானத்தையும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க அந்தக் குழாய் தடையாக இருக்காது. எடை திரும்பிவிட்டதாகச் சொல்பவர்களில் சிலரோடு பேசிப் பார்த்திருக்கிறேன், இதுதான் நடந்திருக்கிறது.

உளவியலாளரிடம் செல்வதைப் பைத்தியமா இல்லையா என்று பார்க்கும் தேர்வாக யாரும் எண்ண வேண்டாம். மனச்சோர்வு இருந்து, அதற்கு மருந்து சாப்பிட்டு நிலையாக இருப்பவர்கள் தாராளமாக ஏற்கப்படுகிறார்கள். மதுவைப் பற்றி மட்டும் துருவித் துருவிக் கேட்டார்கள். பைபாஸுக்குப் பிறகு மது வெகு விரைவாக ரத்தத்தில் ஏறும் என்றும், அதுவரை குடிப்பழக்கம் இல்லாதவர்களில் சிலர்கூட அதன் பிறகு அடிமையாகிவிடுகிறார்கள் என்றும் விளக்கினார்கள். நான் புகைபிடிப்பவன் வேறு. அறுவைக்குக் குறைந்தது ஆறு வாரங்கள் முன்பே விட்டிருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குழு அதை வாய்ச்சொல்லாக ஏற்காமல் சிறுநீரில் நிகோட்டின் இருக்கிறதா என்றும் பார்த்தது.

தங்கள் அக்காவிடம் நான் கேட்க விரும்புவது வேறு. வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரை சாப்பிடவும், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும், உணவோடு தண்ணீர் குடிக்காமல் இருக்கவும், நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது உட்கொள்ளவும் அவர் மனத்தளவில் ஒப்புக்கொள்கிறாரா? மருத்துவர்களும் இறுதியில் இதைத்தான் எடைபோடுகிறார்கள். பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை நிறுத்திவிட்ட ஒருவர், கால் மரத்துப்போய் நடை தடுமாறி வந்ததை அதே புறநோயாளிப் பிரிவில் பார்த்தேன். அவருடைய எடை மட்டும் கச்சிதமாக இருந்தது.


கேள்வியைத் தொடர்ந்து: தாழம்பூ

அனைவருக்கும் மிக்க நன்றி. கழுத்தை அளந்தேன், 39 செ.மீ. இருக்கிறது. ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாக அத்தான் சொல்கிறார். பகலில் அசதி இருப்பதாக அக்காவே ஒப்புக்கொண்டார். ஆகவே எண்ணிக்கை நான்காகிவிட்டது. உறக்க ஆய்வுக்கு ஏற்பாடு செய்கிறோம்.

இன்னும் மூன்று ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. அக்காவுக்கு இரண்டு குழந்தைகளும் அறுவை மூலமே பிறந்தவர்கள். வயிற்றில் ஏற்கெனவே தையல் இருந்தால் நுண்துளை முறை இயலாது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். அடிக்கடி நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருவதை முதலில் எழுத விட்டுப்போயிற்று. முழங்காலுக்காகச் சாப்பிடும் வலி மாத்திரை இதில் ஏதும் குறுக்கே வருமா?


பதில்: நுண்ணோக்கி

உறவினரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. முன்பு அறுவை நடந்த இடத்தில் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரித்தெடுக்க நேரம் பிடிக்கும். ஆனால் மகப்பேற்று அறுவையின் ஒட்டுதல்கள் பெரும்பாலும் அடிவயிற்றோடு நின்றுவிடும். எங்கள் வேலையோ மேல்வயிற்றில் நடப்பது. ஆகவே அது தகுதியைப் பாதிப்பதில்லை. மேல்வயிற்றிலோ குடலிலோ பெரிய அறுவை நடந்திருந்தாலும், கடினமாக இருக்குமே தவிர, இயலாது என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. தொப்புளில் குடலிறக்கம் இருந்தால் மட்டும் மறவாமல் காட்டச் சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சல் மிக முக்கியமான செய்தி, எழுதியது நல்லதாயிற்று. அறுவை செய்யலாமா என்பதை அது மாற்றுவதில்லை. எந்த அறுவை என்பதை மாற்றிவிடும். ஸ்லீவுக்குப் பிறகு இரைப்பை குறுகி அதனுள் அழுத்தம் கூடுவதால், அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவது பலருக்கு அதிகமாகிறது. முன்பு இல்லாதவர்களுக்கும் புதிதாகத் தொடங்குகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் 30 மி.லி. அளவுள்ள ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவதால் அமிலம் மேலேறுவது குறைகிறது. எனவே எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, பாரெட் மாற்றம் என்று சொல்லப்படும் திசு மாற்றம் இருக்கிறதா, இரைப்பை மேலேறிய குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்ப்போம். பாரெட் மாற்றம் இருந்தால் ஸ்லீவைத் தவிர்ப்பதே பொது வழக்கம். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருந்தால் அதற்கும் அப்போதே மருந்து கொடுத்துவிடலாம்.

ஒன்பது ஆண்டுச் சர்க்கரை நோயும் நெஞ்செரிச்சலும் சேர்ந்திருப்பதால், தங்கள் அக்காவைப் பொறுத்தவரை பைபாஸை நோக்கியே பேச்சு நகரும் என்று எதிர்பார்க்கிறேன். அங்கேதான் வலி மாத்திரை குறுக்கே வருகிறது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை, இரைப்பைப் பையும் குடலும் இணையும் இடத்தில் புண்ணை உண்டாக்கும். அது துளையாகவும் ரத்தக் கசிவாகவும் முற்றலாம். பைபாஸ் செய்துகொண்டவர் அந்த வகை மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும். ஆகவே அவருடைய முழங்கால் வலிக்குப் பாராசிட்டமாலும் உடற்பயிற்சி மருத்துவமும் போதுமா என்பதை இப்போதே எலும்பு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டு வாதத்துக்காக அந்த மாத்திரைகளை விடவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு ஸ்லீவே பொருந்தும். நெஞ்செரிச்சலும் இருந்து, வலி மாத்திரையும் விட முடியாது என்றால், தேர்வு உண்மையிலேயே சிக்கலாகிவிடும். ஒரே சந்திப்பில் முடிவெடுக்காமல், இரண்டு நிபுணர்களிடமாவது பேசிப் பாருங்கள்.

ஹெச்பிஏ1சி 9 என்பதையும் அதற்குள் இறக்கப் பாருங்கள். 8-க்குக் கீழே வந்தால் காயம் ஆறுவதற்கு நல்லது என்று பல குழுக்கள் விரும்புகின்றன. முயன்றும் அது இறங்காத நோயாளியை அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பது சரியன்று. கட்டுப்படவில்லை என்பதற்காகத்தானே அவர் அறுவைக்கே வருகிறார்.


பதில்: மூச்சுக்காற்று

நுண்ணோக்கி அவர்கள் எண்டோஸ்கோப்பியைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அதற்காக மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றால், உறக்க ஆய்வின் முடிவு வந்த பிறகு அதற்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் மூச்சுத்தடை இருக்கலாம் என்பதை அங்கேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அதற்குள் எடைக்குறைப்பு ஊசி ஏதேனும் தொடங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வெறும் வயிறு என்று நம்பி மயக்கம் கொடுக்கும்போது உள்ளே உணவு மிச்சமிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.


தாழம்பூ

குறித்துக்கொண்டேன், ஐயா. உறக்க ஆய்வு முதலில், பிறகு எண்டோஸ்கோப்பி. எலும்பு மருத்துவரை இந்த வாரமே பார்க்கிறோம். 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரையைக் குடும்ப மருத்துவரிடமும் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, மதிப்பீட்டுக்கான கடிதத்தை அவரே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.